ஷாப்லிக்கு எது பொருத்தம்?

கேள்வி: அலுவலக வேலையாகப் பாரிஸ் போகிறேன். விருந்தில் ஷாப்லி என்ற வெள்ளை ஒயின் இருக்குமாம். "வெள்ளை ஒயின் மீனுக்கு, சிவப்பு ஒயின் இறைச்சிக்கு" என்று நண்பர்கள் பாடம் எடுக்கிறார்கள். ஜாதகம் மாதிரி இந்தப் பொருத்தம் பார்ப்பதெல்லாம் பணக்காரப் பம்மாத்துதானே?

பதில்: பம்மாத்து உண்டு. அதற்காக எல்லாமே பம்மாத்து இல்லை.

முதலில் நண்பர்களின் விதியைப் பார்ப்போம். ஷாப்லி என்பது பிரான்சில் பர்கண்டி என்ற ஒயின் வட்டாரத்தின் வடகோடியில், ஸெரேன் ஆற்றங்கரையில் இருக்கும் சிற்றூர். பாரிஸிலிருந்து சுமார் 180 கிலோமீட்டர். பக்கத்தில் கடலே கிடையாது. அந்த ஊர்க்காரர்கள் தங்கள் ஒயினோடு விரும்பிச் சாப்பிடுவது என்ன தெரியுமா? தக்காளி, கிரீம், ஷாப்லி மூன்றும் சேர்ந்த சாற்றில் போட்ட பன்றித் தொடைக்கறி. அப்புறம், ஆந்துயெத் என்ற குடல் தொத்திறைச்சி. இரண்டும் இறைச்சி. உங்கள் நண்பர்கள் அந்த ஊரில் போய்ப் பாடம் எடுத்துப் பார்க்கட்டும்.

சரி, ஷாப்லி என்றாலே சிப்பிதான் (ஆய்ஸ்டர்) பொருத்தம் என்கிறார்களே, அது எப்படி வந்தது? அந்த மண்ணில் சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய குட்டிச் சிப்பிகளின் புதைபடிமங்கள் கிடக்கின்றன. அதனால்தான் ஒயினில் கடல் ருசி என்று வியாபாரிகள் கதை சொல்வார்கள். படிமம் உண்மை, கதை கட்டுக்கதை. வேர் நீரில் கரைந்த உப்புகளை உறிஞ்சுமே தவிர, செத்துப்போன சிப்பியின் ருசியைப் பழத்துக்கு ஏற்றாது.

உண்மைக் காரணம் குளிர். ஷாப்லிக்கான ஷார்டனே திராட்சை அங்கே மெதுவாகத்தான் பழுக்கும், புளிப்பு போகாது. சர்க்கரை முழுவதும் புளித்து மதுவாகிவிடுவதால் இனிப்பும் இல்லை. சாதாரண ஷாப்லியைப் பெரும்பாலும் எஃகுத் தொட்டியில்தான் வைக்கிறார்கள், அதனால் மர வாசனையும் குறுக்கே வராது. சிப்பிமேல் எலுமிச்சை பிழிவீர்கள் அல்லவா? அந்த வேலையை ஒயினே செய்துவிடும். கொழுப்பான தொத்திறைச்சிக்கும் அதே புளிப்புதான் கை கொடுக்கிறது. ஷாப்லியும் சிப்பியும் சந்தித்த இடம் பாரிஸ். ரயில் வருவதற்கு முன்பே பக்கத்து ஊரான ஒசேரின் துறையிலிருந்து படகேறி, யோன் ஆற்று வழியாகப் பாரிஸின் ஸேன் நதிக்கு வந்து சேர்ந்த ஒயின் இது. சிப்பி நார்மண்டிக் கரையிலிருந்து வந்தது.

நண்பர்களுக்கும் கொஞ்சம் நியாயம் செய்வோம். சிவப்பு ஒயினோடு மீன் சாப்பிட்டால் சில சமயம் வாயில் கவிச்சி தங்கும். 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதற்குக் காரணம் கண்டுபிடித்தார்கள்: ஒயினில் கரைந்திருக்கும் இரும்பு. இரும்பு குறைந்த சிவப்பு ஒயினில் அந்தத் தொல்லை குறைவு. ஆக, நிறத்தைப் பழிப்பதில் பொருளில்லை.

பெயரைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். அமெரிக்காவில் பல காலம் எந்த மலிவு வெள்ளை ஒயினுக்கும் ஷாப்லி என்று பெயர் ஒட்டினார்கள். இளஞ்சிவப்பு ஷாப்லிகூட விற்றது! பிரான்சில் அந்தக் கூத்து நடக்காது. 1938இலேயே சட்டம் போட்டு எல்லை வகுத்துவிட்டார்கள்.

விருந்தில் சிப்பி, வேகவைத்த இறால், ஆட்டுப்பால் சீஸ் எது வந்தாலும் தயங்காமல் ஷாப்லி வாங்கிக்கொள்ளுங்கள். இனிப்புப் பண்டம் வந்ததும் கோப்பையைத் தள்ளி வைத்துவிடுங்கள், ஒயின் வெறும் புளித்தண்ணீர் ஆகிவிடும். உங்கள் காசு என்றால் அடிப்படை ரகமான 'பெத்தி ஷாப்லி' போதும். அழைத்தவர் காசு என்றால் உச்ச ரகமான 'கிராண் க்ரூ' கேட்கலாம். ஒரே மலைச்சரிவில் சுமார் 100 ஹெக்டேரில் மட்டும் விளைவது அது, கனமான ஒயின். அதைச் சமைக்காத சிப்பிக்கு வீணாக்காமல், வெண்ணெயில் செய்த சிங்கி இறாலோ கிரீம் சாற்றில் கோழியோ வரும்வரை பொறுத்திருங்கள்.