யூ.சி.எஃப் 2017: 13 வெற்றி, தோல்வி இல்லை – கேள்வி பதில்

மத்திய ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் (யூ.சி.எஃப்) 2017 அமெரிக்கன் ஃபுட்பால் பருவத்தைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

13-0 என்றால் டிராவே இல்லையா சார்?
இல்லை. சமனில் நின்றால் கூடுதல் நேரம் ஆடி முடிவு காண்பார்கள். கல்லூரி ஆட்டத்தில் 1996 முதல் இப்படித்தான்.

அதற்கு முன்னால் மோசமான அணிதானே?
ரொம்ப மோசம். 2015-இல் ஆடிய 12 ஆட்டமும் தோல்வி. ஸ்காட் ஃப்ராஸ்ட் பயிற்சியாளராக வந்த 2016-இல் 6-7 (6 வெற்றி, 7 தோல்வி). அடுத்த ஆண்டே இந்த 13-0! பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் மெக்கென்சி மில்டன். ஆட்டத்துக்குச் சராசரியாக 48 புள்ளி, நாட்டிலேயே அதிகம். இர்மா புயலால் ஜார்ஜியா டெக் ஆட்டம் ரத்தானது, மற்ற தேதிகளும் கலைந்தன. இரண்டு ஆட்டங்களை மட்டுமாவது தேடிப் பாருங்கள். ஒன்று தெற்கு ஃப்ளோரிடாவுடன்: 42-42 என்று நிற்கும்போது யூ.சி.எஃப்-இன் மைக் ஹியூஸ் எதிரணி உதைத்த பந்தைப் பிடித்து 95 கெஜம் ஓடிப் புள்ளி எடுத்தார், 49-42. மற்றது அதற்கு அடுத்து மெம்ஃபிஸுடன் ஆடிய லீக் இறுதி: இரண்டு கூடுதல் நேரம், 62-55.

தரவரிசை 12-ஆ, 6-ஆ?
தேதியைப் பார்க்காமல் தரவரிசையைப் படிக்காதீர்கள். பிளேஆஃபுக்கு (தேசியப் பட்டத்துக்கான கடைசிச் சுற்று) அணிகளைத் தேர்ந்தெடுக்கும் குழு 12 கொடுத்தது டிசம்பரில். ஏ.பி. செய்தி நிறுவனத்தின் வாக்கெடுப்பு 6 கொடுத்தது எல்லா ஆட்டமும் முடிந்த பிறகு, ஜனவரியில்.

இவர்கள் தேசிய சாம்பியனா?
பிளேஆஃபில் அப்போது நான்கே இடம். அதில் வென்றது அலபாமா. ஜார்ஜியாவைக் கூடுதல் நேரத்தில் 26-23. ஆனால் அந்த இரண்டு அணிகளையும் அந்தப் பருவத்தில் வீழ்த்திய ஆபர்னை, பருவ இறுதியில் நடக்கும் ‘பௌல்’ ஆட்டங்களில் ஒன்றான பீச் பௌலில் யூ.சி.எஃப் 34-27 என்று வென்றது. கோலி மேட்ரிக்ஸ் என்ற கணினித் தரவரிசை இவர்களுக்கு முதலிடம் கொடுத்தது, கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் பதிவேட்டிலும் அது ஏறியது. ஆகவே யூ.சி.எஃப் தன்னைத் தேசிய சாம்பியன் என்று உரிமை கோரியதில் தவறில்லை என்பேன்.

அதே ஆபர்ன், பீச் பௌலுக்கு முன்பே, ஜார்ஜியாவிடம் 28-7 தோற்றதே? இதெல்லாம் ஒரு வாதமா?
சரி, நியாயமான மறுப்பு. ‘அவனை வென்றவனை வென்றேன்’ என்ற கணக்கு எப்போதுமே முழுமையானதல்ல, யூ.சி.எஃப் எதிரணிகள் பலமற்றவை என்பதும் உண்மை. எனக்கு உறுத்துவது வேறு. ஒரு அணி தன் அட்டவணையில் உள்ள எல்லாரையும் வென்ற பிறகும் பட்டத்துக்கு ஆடவே வழியில்லை என்றால், பருவம் தொடங்கும்போதே கதவு மூடியிருக்கிறது. யூ.சி.எஃப் ஆடியது போன்ற சிறிய லீக்கிலிருந்து முதல் அணி பிளேஆஃபில் நுழைந்தது 2021-இல்தான், சின்சினாட்டி. பிளேஆஃப் 12 அணிகளாக விரிந்தது 2024-இல்.

அப்போ அலபாமா பட்டம் செல்லாதா?
செல்லும். அப்படி நான் சொல்லவே இல்லை.

12-ஆவது ரேங்க்குக்குச் சாம்பியன் பட்டமா?
மேலே படியுங்கள். தேதி, தேதி!

இந்த அணியில் கோல்கீப்பர் யார்?
இது அந்தக் கால்பந்து இல்லை தம்பி. அதற்குத் தனியாகக் கேளுங்கள்.

வெற்றித் தொடர் எப்போது முடிந்தது?
25 ஆட்டம் நீண்டது. 2019 ஜனவரி 1, ஃபியஸ்டா பௌல், எல்.எஸ்.யூ-விடம் (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) 40-32 தோல்வி. காயத்தால் மில்டன் அதில் ஆடவில்லை.