கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் ஏன் 0 ஆகிறது?

கேள்வி: உதவித்தொகை பெறும் மாணவர்களின் வங்கிக் கணக்கு எண்களை வேர்டு கோப்பிலிருந்து எக்செல்லில் பேஸ்ட் செய்தேன். 16 இலக்க எண்கள் ‘ஈ பிளஸ்’ போட்டு (1.23457E+15 என்பதுபோல) வந்தன. நம்பர் ஃபார்மட்டுக்கு மாற்றியதும் முழுதாகத் தெரிகின்றன. ஆனால் எல்லாமே 0-வில் முடிகின்றன. மீட்க முடியுமா?

பதில்: அந்தத் தாளிலிருந்து மீட்க முடியாது. ஓர் எண்ணின் முதல் 15 இலக்கங்களைத்தான் எக்செல் வைத்துக்கொள்ளும்; அதற்கு மேல் வருபவற்றைப் பூஜ்யமாக்கிவிடும். பேஸ்ட் செய்த நொடியிலேயே கடைசி இலக்கம் போய்விட்டது. பிறகு ஃபார்மட்டை மாற்றிப் பயனில்லை. வேர்டு கோப்பு இருக்கிறதே, அதிலிருந்து மறுபடி தொடங்குங்கள். (12 இலக்க ஆதார் எண் ‘ஈ பிளஸ்’ என்று வந்தால் பயப்பட வேண்டாம். அது வெறும் தோற்றம்தான், எண் உள்ளே முழுதாக இருக்கும்.)

கணக்கு எண்ணை யாரும் கூட்டிக் கழிக்கப் போவதில்லை. அதனால் அதை எழுத்தாகவே வைக்க வேண்டும். காலியான நெடுவரிசையை முதலில் தேர்ந்தெடுத்து, ஃபார்மட் செல்ஸில் ‘டெக்ஸ்ட்’ கொடுங்கள். அப்புறம் பேஸ்ட் செய்யுங்கள். அதிலும் கவனம் வேண்டும்: வேர்டிலிருந்து சாதாரணமாக பேஸ்ட் செய்தால் நீங்கள் கொடுத்த ஃபார்மட் அழிந்துபோகலாம். ரைட் கிளிக் செய்து ‘மேட்ச் டெஸ்டினேஷன் ஃபார்மட்டிங்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இப்படிச் செய்தால் எண்ணின் முன்னால் உள்ள பூஜ்யங்களும் தப்பிக்கும்.

செல்லின் மூலையில் பச்சை முக்கோணம் தெரியும். அதைச் சொடுக்கி ‘கன்வர்ட் டு நம்பர்’ மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பட்ட பாடு அத்தனையும் வீண்.

வங்கி சிஎஸ்வி கோப்பு (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) அனுப்பினால் இரட்டைச் சொடுக்கில் திறக்காதீர்கள். டேட்டா மெனுவில் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி’ வழியாகப் போய், ‘டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா’ அழுத்தி, அந்த நெடுவரிசையின் வகையை டெக்ஸ்ட் என்று மாற்றிய பிறகு ஏற்றுங்கள். ஏற்கெனவே இரட்டைச் சொடுக்கில் திறந்துவிட்டீர்களா? சேமிக்காமல் மூடுங்கள். சேமித்தால் மூலக் கோப்பே கெட்டுவிடும்.

இன்னொன்று, பலருக்கும் தெரியாதது. ஒரே கணக்கு எண் இரண்டு முறை வந்திருக்கிறதா என்று பார்க்கப் பலரும் கவுண்ட்இஃப் ஃபங்ஷனைப் போடுவார்கள். டெக்ஸ்டாக வைத்த பிறகும் அது கணக்கு எண்களை எண்ணாக மாற்றித்தான் ஒப்பிடும். முதல் 15 இலக்கங்கள் ஒன்றாக இருக்கும் இரண்டு மாணவர்களின் கணக்குகளை ‘ஒரே கணக்கு’ என்று காட்டும். அதை நம்பி ஒருவர் பெயரை நீக்கினால் அந்தப் பிள்ளைக்குப் பணம் போகாது. இரண்டு செல்களையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் எக்ஸாக்ட் ஃபங்ஷனைப் போட்டு உறுதி செய்துகொண்ட பிறகே எந்த வரிசையையும் நீக்குங்கள்.