பிடிக்காத நாவலைப் பாதியில் விட்டுவிடலாமா? அடுத்து எதை எடுப்பது?

ஈரோடு புத்தகத் திருவிழாவில் ஒரு மாலைச் சொற்பொழிவைக் கேட்ட வேகத்தில் 600 பக்க நாவல் ஒன்றை வாங்கியதாகவும், 200 பக்கம் கடந்தும் மனம் ஒட்டவில்லை என்றும், கொடுத்த பணத்துக்காகவாவது அதை முடித்தாக வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். விட்டுவிடுங்கள் என்பதே என் பதில். ஆனால் மூடி வைப்பதற்கு முன், அது ஏன் பிடிக்கவில்லை என்பதை உங்களுக்கு நீங்களே ஒரு வரியில் சொல்லிப் பாருங்கள். அடுத்த புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க விமரிசனங்களும் விருதுப் பட்டியல்களும் உதவுவதைவிட அந்த ஒரு வரி அதிகம் உதவும்.

பணக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். நம் பக்கம் தோட்டத்தில் தண்ணீருக்காக ஆழ்துளைப் போர் போட்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். 800 அடி இறங்கியும் தண்ணீர் வராமல் மண் புகையே கிளம்பும்போது, இதுவரை போட்ட காசு வீணாகிவிடுமே என்று இன்னும் 200 அடி இறக்கச் சொல்பவர்கள் உண்டு. போன காசு எப்படியும் போனதுதான், இனி இறக்கும் ஒவ்வோர் அடிக்கும் புதிதாகக் காசு எண்ணி வைக்க வேண்டும் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் உறைப்பதில்லை. நாவலின் விலையும் கடையிலேயே தீர்ந்துபோன கணக்கு. மீதமுள்ள 400 பக்கங்களுக்கு உங்கள் இரவுகளைத்தான் கொடுக்கப்போகிறீர்கள்.

எத்தனை பக்கம் வரை பொறுத்துப் பார்ப்பது என்பதற்கு அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல் ஒரு கணக்குச் சொன்னார். வயது 50 வரை உள்ளவர்கள் 50 பக்கம் படித்துப் பார்க்கலாம். அதைத் தாண்டியவர்கள் 100இலிருந்து தங்கள் வயதைக் கழித்து, வருகிற எண்ணிக்கை அளவு படித்தால் போதும். 64 வயதுக்காரருக்கு 36 பக்கம். வயதானவர்களின் நேரத்துக்கு மதிப்புக் கொடுக்கும் இந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கும். ஆயினும் நம் வட்டார நாவல்களுக்கு இதை அப்படியே பொருத்த மாட்டேன். யார் யாருக்குப் பங்காளி, எது யாருடைய காடு (விளைநிலம்), எந்த வளவில் (வீட்டுத் தொகுதியில்) யார் குடியிருக்கிறார்கள் என்பதெல்லாம் பிடிபடவே 50 பக்கம் ஓடிவிடும். அத்தகைய நாவலுக்கு 100 பக்கமாவது தருவது நியாயம். நீங்கள் 200 பக்கம் தந்திருப்பதால் அந்தக் கடனும் தீர்ந்தது.

இனி அந்த ஒரு வரிக்கு வருகிறேன். 'பேச்சு வழக்கு புரியவில்லை' என்பது உங்கள் காரணமானால், அந்தப் புத்தகத்தை மட்டும் இப்போதே கைவிட வேண்டாம். உரையாடல்களை வாய்விட்டுப் படித்தால் கண்ணுக்குப் புரியாதது காதுக்குப் புரிந்துவிடும். கொங்கு வழக்கில் எழுதப்பட்டதாக இருந்தால் பெருமாள்முருகன் தொகுத்த வட்டாரச் சொல்லகராதி இருக்கிறது. வீட்டில் அந்த வழக்கில் பேசும் ஓர் ஆத்தாவோ அப்பாரோ (பாட்டியோ தாத்தாவோ) இருந்தால் அதுவும் தேவைப்படாது. மொழிபெயர்ப்பு நாவலில் வாக்கியங்கள் முறுக்கிக்கொண்டு நின்றால், குறை பெரும்பாலும் மூல நூலுடையதாக இராது. வேறு மொழிபெயர்ப்பு கிடைக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

உங்கள் கேள்வியைப் படித்தவுடன் எனக்கு வலுவாகத் தோன்றிய சந்தேகம் வேறு. ஆகஸ்டு மாதத்தில் மக்கள் சிந்தனைப் பேரவை நடத்தும் அந்தத் திருவிழாவின் மாலை மேடை பெயர் பெற்றது. நல்ல பேச்சாளர் ஒரு நாவலிலிருந்து உருக்கமான இரண்டு மூன்று காட்சிகளை எடுத்து, தம் குரலையும் இடைவெளிகளையும் சேர்த்துச் சொல்லும்போது, கேட்பவர் வாங்க விரும்புவது ஏறக்குறைய அந்தக் குரலைத்தான். வீட்டுக்கு வந்து பிரித்தால், அந்தக் காட்சிகளுக்கு இடையில் எழுத்தாளர் நிதானமாக எழுதிய நூற்றுக்கணக்கான பக்கங்கள் இருக்கின்றன. உங்கள் ஏமாற்றம் இந்த வகை என்றால், நாவலை ஓராண்டு கண்ணில் படாமல் வையுங்கள். பேச்சு மறந்த பிறகு அது வேறு புத்தகமாகத் தெரியக்கூடும். (மேடையில் கேட்ட அன்றே வாங்குவதில்லை என்று எனக்கு ஒரு விதி உண்டு, திருவிழா பல நாள் நடப்பதால் அதைக் கடைப்பிடிப்பதும் கடினமில்லை.)

அடுத்த புத்தகம் மெலிந்ததாக இருக்கட்டும். தடித்த நாவலில் களைத்தவர் இன்னொரு தடித்த நாவலை எடுத்தால், பழைய சலிப்பையும் அதன் மேல் ஏற்றிவிடுவார். 'எழுத்தாளர் எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டே இருக்கிறார்' என்பது உங்கள் வரியானால், ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' நல்ல மாற்றாக இருக்கும். 1942இல் வந்த சிறிய நாவல். தமிழ் வட்டார நாவல்களின் முன்னோடியாகப் பேசப்படுவது. கணவனை இழந்த ஒருத்தி கூட்டுக் குடும்பத்தில் தன் பங்கு நிலத்தைப் பிரித்துக் கேட்கிறாள். கேட்பது சரியா தவறா என்று ஆசிரியர் இடையில் புகுந்து சொல்வதில்லை. பாகப் பிரிவினைப் பேச்சு எழுந்தால் இன்றும் நம் வீடுகளில் குரல் எப்படி மாறும் என்பதை அறிந்தவர்களுக்கு அது பழைய கதையாகவே தோன்றாது. 'கிராமக் கதைகளே சலித்துவிட்டன' என்பது வரியானால், திரையரங்கு ஒன்றில் வேலை செய்யும் சிறுவர்களைப் பற்றிப் பெருமாள்முருகன் எழுதிய 'நிழல்முற்றம்' பொருந்தும், அதுவும் சிறியதே. 2023ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது பெற்ற தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்' கொங்குக் குடிநாவிதர்களின் வாழ்வைச் சொல்லும் அருமையான நாவல்தான் என்றாலும், ஒரு சாவைச் சுற்றி எழுதப்பட்டது. மனம் சோர்ந்திருக்கும் இப்போது அதை எடுக்கச் சொல்ல மாட்டேன்.

இவற்றில் எதையும் உடனே வாங்க வேண்டியதில்லை. மாவட்ட மைய நூலகத்தில் தேடிப் பாருங்கள், கிடைத்தால் நின்றபடியே நடுவில் ஏதாவது இரண்டு பக்கம் படியுங்கள். முதல் பக்கத்தை எல்லா எழுத்தாளர்களும் கவனமாக எழுதிவிடுவார்கள். நடுப்பக்கத்து உரையாடலில்தான் உண்மையான நடை தெரியும்.

கைவிட்ட நாவலின் கடைசித் தாளில், நிறுத்திய பக்கத்தின் எண்ணையும் அந்த ஒரு வரிக் காரணத்தையும் பென்சிலால் குறித்து வையுங்கள். ஓராண்டு கழித்தும் எடுக்கத் தோன்றாவிட்டால், அந்தக் காரணத்தைப் பொருட்படுத்தாத நண்பர் யாருக்காவது கொடுத்துவிடலாம், இல்லையென்றால் கோவை உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன.