ஆடிஷன்ல மோனோலாக் பேசும்போது கண்ணு எங்க இருக்கணும்?

மோனோலாக், அதாவது ஒருத்தரே தனியா பேசி நடிக்கிற பீஸ் பண்ணும்போது, எதிர்ல உக்காந்திருக்கவங்க கண்ணப் பாத்துப் பேசணுமா, சுவரப் பாக்கணுமா, கேமரா இருந்தா லென்ஸையானு கேட்டிருக்கீங்க. நான் பெரிய நடிகன்லாம் கிடையாது, சாலிகிராமம் வளசரவாக்கம்னு போட்டோவ தூக்கிட்டு அலைஞ்சவன், அப்புறம் கொஞ்ச நாள் ஆடிஷன் ரூம்லயே எதிர் டயலாக் படிச்சுக் குடுக்கிற வேலை பாத்தேன். அதனால ரெண்டு பக்கமும் தெரியும்.

என் முதல் ஆடிஷன் ஒரு நாடகக் குழுவுக்கு. செத்துப்போன அப்பாகிட்ட மகன் சண்டை போடுற மாதிரி ஒரு பீஸ். எதிர்ல மூணு பேர், நடுவுல கண்ணாடி போட்ட ஒரு அம்மா, நான் அவங்களையே அப்பாவா நெனச்சு கண்ணுக்குள்ள பாத்து கத்த ஆரம்பிச்சேன். நாலாவது வரியில அவங்க குனிஞ்சு ஏதோ எழுதினாங்க பாருங்க, அவ்ளோதான், அப்பாவே குனிஞ்சுட்டா மகன் யார்கிட்ட சண்டை போடுவான், அடுத்த வரி சுத்தமா போச்சு. அவங்க மேல தப்பில்ல, எழுதுறதுதான் அவங்க வேலை. அப்புறம் நான் அந்தப் பக்கம் உக்காந்தப்பதான் இன்னொண்ணும் புரிஞ்சது, ஒருத்தர் நம்மளயே பாத்து அழுதா தலையாட்டணுமா சும்மா இருக்கணுமான்னு நமக்கே நெளியும், நடிப்பு கண்ல படாது.

அதனால நீங்க யார்கிட்ட பேசுறீங்களோ அந்த ஆள மொதல்ல ரூம்ல நிறுத்துங்க. எதிர்ல உக்காந்திருக்கவங்க தலைக்குக் கொஞ்சம் மேல பின்சுவத்துல ஸ்விட்ச் போர்டோ காலண்டரோ ஏதாவது இருக்கும், அதான் அப்பா முகம். ரொம்ப ஓரமா வச்சா உங்க காது மட்டும்தான் தெரியும். குழந்தைகிட்ட பேசுற சீன்னு காலடியப் பாத்தா இமை மூடிக்கும், குழந்தைய நாலடி தள்ளி நிக்க வைங்க, பார்வை தானா மேல வரும். அதுக்காக முறைச்சுட்டே நிக்க வேணாம், யோசிக்கும்போது கண்ணு அலையத்தான் செய்யும், ஆனா திரும்பி வரும்போது அதே ஸ்விட்ச் போர்டுக்கு வரணும், இல்லன்னா அப்பா எந்திரிச்சு போயிட்டாரான்னு ஆயிடும். வரி மறந்து கூரையப் பாக்கிறது வேற, அத எல்லாரும் கண்டுபிடிச்சிடுவாங்க.

1952ல வந்த பராசக்தி கோர்ட் சீன இன்னமும் சிலர் ஆடிஷனுக்கு தூக்கிட்டு வராங்க, வந்து எதிர்ல இருக்கவங்கள நீதிபதி ஆக்கிடுறாங்க. நீதிபதி ஒசரத்துல இல்ல உக்காந்திருப்பார்? பார்வைய கொஞ்சம் மேல தூக்குங்க, கூண்டுல நிக்கிற ஃபீலும் சேந்து வந்துடும். தெருக்கூத்து கட்டியங்காரன் மாதிரி ஜனங்ககிட்டயே பேசுற பீஸ்னா மட்டும் தாராளமா அவங்களப் பாத்து பேசலாம், ஒருத்தரையே புடிச்சு வச்சுக்காம எல்லார் மேலயும் ஓட விடுங்க.

கேமரா இருந்தா கதை வேற. ஷூட்டிங்ல இப்படி கண்ண வைக்கிற இடத்த லுக்குனுதான் சொல்லுவாங்க, க்ளோஸப் எடுக்கும்போது எதிர்ல ஆள் இல்லன்னா அசிஸ்டென்ட் டைரக்டர் லென்ஸ் பக்கத்துல கைய மடக்கி வச்சு "லுக் இங்க"ம்பாரு. அதே கணக்குதான், லென்ஸ ஒட்டி ஒரு பக்கம், கண்ணு லெவல்ல. ரெண்டு பேர்கிட்ட பேசுற மாதிரி இருந்தா ரெண்டு பேரையும் ஒரே பக்கம் நிறுத்துங்க, லென்ஸுக்கு இந்தப் பக்கம் ஒருத்தர் அந்தப் பக்கம் ஒருத்தர்னா மாறும்போதெல்லாம் கண்ணு லென்ஸத் தாண்டிப் போகும், டென்னிஸ் மேட்ச் பாக்கிற மாதிரி இருக்கும்.

வீட்ல செல்ஃப் டேப், அதாவது நாமளே நடிச்சு எடுத்து அனுப்புற ஆடிஷன் வீடியோ எடுத்தா தயவுசெஞ்சு செல்ஃபி கேமரா வேணாம், நம்ம மூஞ்சிய நாமளே பாக்காம இருக்க முடியாது, கண்ணு கீழ கீழ போகும். பின்னாடி கேமராவ திருப்பி வச்சு, லென்ஸ் பக்கத்துல துண்டுப் பேப்பர் ஒட்டி அதப் பாத்துப் பேசுங்க. ஆனா பேரு, வயசு, ஹைட்டு சொல்ற இன்ட்ரோவுக்கு நேரா லென்ஸத்தான் பாக்கணும், நிறைய பேர் இத மாத்திப் பண்ணிடுறாங்க.

டவுட்டா இருந்தா ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே "சார், உங்களப் பாத்து பண்ணவா, வேற எங்கயாவது லுக் வச்சுக்கவா"ன்னு கேட்டுடுங்க, யாரும் கோச்சுக்க மாட்டாங்க.