ஒரு பிரிண்டர், மூன்று கணினி

கேள்வி: மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். இருப்பது ஒரே யுஎஸ்பி லேசர் பிரிண்டர். அதை விண்டோஸ் கணினியில் மாட்டி ஷேர் செய்திருக்கிறேன். உபுண்டு கணினியிலும் மகளின் மேக்கிலும் சில நாள் பிரிண்ட் வருகிறது, சில நாள் வருவதில்லை. கரண்ட் போய் வந்தால் நிச்சயம் வராது. என்ன செய்யலாம்?
- வாசகர், கடலூர்

பதில்: கோளாறு பிரிண்டரில் இல்லை. ஆள் உட்கார்ந்து வேலை பார்க்கிற கணினியிலேயே பிரிண்டரையும் மாட்டியிருக்கிறீர்களே, அதுதான் தொந்தரவு. அது ஸ்லீப்புக்குப் போனாலோ அப்டேட்டுக்காக ரீஸ்டார்ட் ஆனாலோ மற்ற இரண்டும் காத்துக் கிடக்க வேண்டியதுதான். கரண்ட் வந்ததும் ரவுட்டர் பல சமயம் அதற்கு வேறு ஐபி எண் (நெட்வொர்க்கில் அந்தக் கணினியின் முகவரி) கொடுத்துவிடும், மற்றவை பழைய எண்ணிலேயே தேடிக்கொண்டிருக்கும்.

மூலையில் பழைய கணினி கிடந்தால் எடுங்கள். லினக்ஸும், பிரிண்ட் வேலைகளை வாங்கி பிரிண்டருக்கு அனுப்பும் 'கப்ஸ்' (CUPS) மென்பொருளும் போட்டு, பிரிண்டரை அதில் மாட்டி, எப்போதும் ஓடவிடுங்கள். ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியும் போதும், ஆனால் சில மலிவு லேசர்களின் லினக்ஸ் டிரைவர் அதன் ஆர்ம் சிப்பில் ஓடாது, முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ரவுட்டரில் இந்தக் கணினிக்கென்று ஒரு எண்ணை, 192.168.1.50 என்று வைத்துக்கொள்வோம், நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். இதைச் செய்யாமல் மற்றதைத் தொடவே வேண்டாம்.

கப்ஸின் அமைப்புப் பக்கம் அதே கணினியின் பிரவுசரில் 631ஆம் போர்ட்டில் (localhost:631 என்று அடித்தால்) திறக்கும். அங்கே ஷேரிங்குக்கு இரண்டு டிக் உண்டு: ஒன்று சர்வருக்குப் பொதுவானது, இன்னொன்று அந்தப் பிரிண்டருக்கானது. இரண்டாவதைத்தான் பலரும் விட்டுவிட்டு நாள் முழுக்கத் திண்டாடுவார்கள். ஃபயர்வால் போட்டிருந்தால் 631ஐத் திறந்துவிடுங்கள்.

சரி, மேக்குக்கும் உபுண்டுவுக்கும் பெரிதாக வேலை இல்லை, கப்ஸ் கணினியில் அவாஹி (பிரிண்டர் இருப்பதை மற்றக் கணினிகளுக்கு அறிவிக்கும் மென்பொருள்) ஓடினால் பிரிண்டர் பட்டியலில் தானாகவே வரும். விண்டோஸில்தான் முகவரியை நீங்களே கொடுக்க வேண்டும்: எச்டிடிபியில் தொடங்கி, 192.168.1.50:631, பிறகு சாய்கோடு போட்டு பிரிண்டர்ஸ், மறுபடி சாய்கோடு, கப்ஸில் நீங்கள் வைத்த பெயர். டிரைவர் கேட்டால் பொதுவான போஸ்ட்ஸ்கிரிப்ட் டிரைவர் ஒன்றைக் கொடுங்கள், பிரிண்டருக்கு ஏற்றபடி கப்ஸ் மாற்றிக்கொள்ளும்.

அப்புறம் தாள் அளவு. புதுச்சேரியில் நண்பர் கடையில் இதையெல்லாம் முடித்த பிறகும் பிரிண்ட் வரவில்லை, ஆரஞ்சு விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டே இருந்தது, அரை மணி நேரம் கேபிளைக் கழற்றி மாட்டினோம். பார்த்தால் கப்ஸில் தாள் 'லெட்டர்' என்று இருக்கிறது, டிரேயில் இருப்பதோ ஏ4. பத்திரம் அடிக்கிற கடை என்றால் லீகல் தாளுக்குத் தனியாக இன்னொரு பெயரில் அதே பிரிண்டரைச் சேர்த்துவிடுங்கள், ஒவ்வொரு தடவையும் அளவை மாற்ற வேண்டியிருக்காது.