கேள்வி–பதில்: சொந்தமாகக் கட்டும் விமானத்தில் மின்சாரத் தண்ணீர் பம்ப்

அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கார் எஞ்சினைப் பூட்டி இரண்டு இருக்கை விமானம் கட்டுகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை.

கேள்வி: மாஸ்டா கார்களின் 13பி ரோட்டரி எஞ்சினில் (பிஸ்டனுக்குப் பதில் சுழலி உள்ளது) பெல்ட் ஓட்டும் தண்ணீர் பம்பைக் கழற்றிவிட்டு, நிமிடத்துக்கு 115 லிட்டர் தள்ளும் மின்சாரப் பம்ப் வைக்க நினைக்கிறேன். 160 குதிரைத்திறனுக்கு இது தாங்குமா?

பெட்டியின் மேல் போட்டிருக்கும் 115 லிட்டர், எதிரில் தடையே இல்லாமல் ஓடும்போது கிடைப்பது. எஞ்சின், ரேடியேட்டர், வளைந்து நெளிந்த ஹோஸ் எல்லாம் சேர்ந்தால் அதில் பாதிதான் வரும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

டேக்-ஆஃபில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) சுமக்க வேண்டிய வெப்பம் 70 கிலோவாட் என்று கொள்வோம். பாதித் தண்ணீர், பாதி கிளைகால் (ஆன்டிஃப்ரீஸ்) உள்ள கலவை, நொடிக்கு ஒரு லிட்டர் ஓடினால் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 3.6 கிலோவாட்டை எடுத்துச் செல்லும். நிமிடத்துக்கு 115 லிட்டர் ஓடினால் எஞ்சினுக்குள் போகும் கூலன்டுக்கும் வெளியே வரும் கூலன்டுக்கும் 10 டிகிரி வித்தியாசம். 60 லிட்டர்தான் ஓடினால் 19 டிகிரிக்குக் கொஞ்சம் மேல்.

பயப்பட வேண்டியதில்லை. எஞ்சினிலிருந்து 100 டிகிரியில் வெளிவருகிறது, வெளிக்காற்று 35 டிகிரி என்றால், ரேடியேட்டரின் சராசரி வெப்பம் முதல் கணக்கில் 95, இரண்டாவதில் 90. காற்றோடு உள்ள வித்தியாசம் 60-லிருந்து 55 ஆகிறது, அவ்வளவுதான். ஓட்டம் பாதியானாலும் ரேடியேட்டரின் திறன் குறைவது பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான். அதனால்தான் சொல்கிறோம்: சூடு ஏறுகிறதே என்று பம்பை மாற்றுகிறவர்களில் பலர் தவறான இடத்தில் பணம் போடுகிறார்கள். குறை பெரும்பாலும் காற்றுப் பக்கம். ரேடியேட்டரைச் சுற்றி இடுக்கு வழியாகக் காற்று தப்பிப் போகும். அல்லது வெளியேறும் வாய் சிறியதாக இருக்கும்.

எது என்று கண்டுபிடிக்க எஞ்சினின் வெளிவாயில் ஒரு சென்சார், ரேடியேட்டரின் வெளிவாயில் ஒரு சென்சார் வையுங்கள். முழு வேகத்தில் வித்தியாசம் 20-ஐத் தாண்டிப் போனால் ஓட்டம் போதவில்லை. வித்தியாசம் 8, 10 தான், ஆனால் இரண்டுமே கொதிக்கிறது என்றால் பம்பின் மேல் பழி இல்லை, காற்று போதவில்லை.

ஓட்டத்தை நேரடியாக அளக்க ஒரு வாளி போதும். ரேடியேட்டருக்குத் திரும்பும் ஹோஸைக் கழற்றி 20 லிட்டர் வாளியில் விடுங்கள். பம்ப் வாய்க்கு மேலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க ஒருவர் வேண்டும். 20 நொடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 60 லிட்டர். கழற்றிய பக்கத்தின் தடை இதில் சேராது என்பதால், பறக்கையில் கிடைப்பது இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். 13.8 வோல்ட்டில் ஒரு தடவை, வெறும் பேட்டரியின் 12 வோல்ட்டில் ஒரு தடவை அளந்து இரண்டையும் எழுதி வையுங்கள்.

13பி-க்கே உரிய ஒரு வம்பு: தெர்மோஸ்டாட்டை (சூடு ஏறியதும் திறக்கும் வால்வு) எடுத்துவிட்டால் அதன் அடியில் உள்ள பைபாஸ் துளையைக் கட்டாயம் அடைக்க வேண்டும். தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடித்தட்டுதான் அந்தத் துளையை மூடும். அது இல்லாவிட்டால் சூடான கூலன்ட் ரேடியேட்டர் பக்கமே போகாமல் குறுக்குவழியில் எஞ்சினுக்குத் திரும்பும். பழைய பம்பின் இம்பெல்லரையும் (தண்ணீரைத் தள்ளும் சுழல் விசிறி) உள்ளேயே விட்டுவிடாதீர்கள். சுற்றாத இம்பெல்லர் வழியை மறிக்கும் கல்.

கேள்வி: மின்சாரப் பம்ப் அழுத்தம் தராது, சிலிண்டர் தலையில் கூலன்ட் கொதிக்கும் என்கிறார்களே?

பாதி உண்மை. பெல்ட் பம்ப் அதிக வேகத்தில் சுற்றும்போது எஞ்சினுக்குள் கூடுதல் அழுத்தம் ஏற்றும். எக்ஸாஸ்ட் வாய்க்குப் பக்கத்தில் ஆவிக்குமிழி கட்டாமல் அது தடுக்கும். மின்சாரப் பம்பின் அழுத்தம் சொற்பம். அந்தக் குறையை ரேடியேட்டரின் அழுத்த மூடிதான் ஈடுகட்ட வேண்டும். 1 பார் மூடி போட்டால் தரைமட்டத்தில் பாதிக்குப் பாதிக் கலவை 125 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். 3,000 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமே 0.7 பார்தான் என்பதால் கொதிநிலை ஐந்து டிகிரி போல இறங்கும். மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் இந்தக் கணக்கெல்லாம் காற்றில் போகும். மூடி மலிவு, ஆண்டுக்கு ஒன்று மாற்றிவிடுங்கள்.

எஞ்சினுக்குள் அடைபட்ட காற்றும் ஆவிக்குமிழியின் வேலையைச் செய்யும். எஞ்சினின் மிக உயரமான இடத்திலிருந்து 4 மி.மீ. குழாய் ஒன்றை மேல் டாங்கிக்கு ஏற்றமாகவே கொண்டு போங்கள். விமானம் வால் சக்கரத்தில் மூக்கைத் தூக்கி நிற்குமானால், 'உயரமான இடம்' தரையில் ஒன்றாகவும் பறக்கையில் வேறாகவும் இருக்கும். இரண்டு இடத்திலும் குழாய் வையுங்கள்.

கேள்வி: பாதுகாப்புக்கு இரண்டு பம்ப் வைக்கலாமா? பக்கத்துப் பக்கத்திலா, ஒன்றன்பின் ஒன்றாகவா?

வைக்கலாம், ஒன்றன்பின் ஒன்றாக. பக்கத்துப் பக்கத்தில் வைத்தால், ஒன்று நின்றதும் ஓடுகிற பம்பின் தண்ணீர் நின்ற பம்பின் வழியாகப் பின்னோக்கிச் சுற்றிவந்துவிடும். எஞ்சினுக்குப் போவது கொஞ்சம்தான். அதைத் தடுக்க ஒருவழி வால்வு வேண்டும்; அதுவே சிக்கிக்கொள்ளலாம். வரிசையாக வைத்தால் நின்ற பம்ப் தடையாக இருக்கும், ஆனாலும் தண்ணீர் அதன் ஊடாகப் போகும். எவ்வளவு போகிறது என்று ஒன்றை நிறுத்தி வாளியில் அளந்து பாருங்கள்.

பம்பை ரேடியேட்டரிலிருந்து வரும் குளிர்ந்த பக்கத்தில், கூலன்ட் ஓடும் பாதையிலேயே தாழ்வான இடத்தில் பொருத்துங்கள். மோட்டார் பம்புக்குக் கீழே தொங்கக் கூடாது, சீல் கசிந்தால் தண்ணீர் நேரே மோட்டாருக்குள். உடல் நைலானாக இருந்தால் எக்ஸாஸ்ட் குழாயிலிருந்து தள்ளி வைத்து, நடுவே தகடு கொடுங்கள்.

ஒவ்வொரு பம்புக்கும் தனி சுவிட்ச், தனி 15 ஆம்பியர் பிரேக்கர், 2.5 சதுர மி.மீ. வயர். பிளஸ் பக்கத்தை இவ்வளவு கவனமாகப் பிரித்துவிட்டு, இரண்டு நெகட்டிவையும் ஒரே போல்ட்டில் மாட்டுவார்கள். அந்த போல்ட் தளர்ந்தால், அல்லது வளையத்துக்கு அடியில் பெயின்ட் இருந்தால், இரண்டு பம்பும் சேர்ந்தே நிற்கும்.

ஆல்டர்னேட்டர் போனால்? ஒரு பம்ப் 10 ஆம்பியர், எரிபொருள் பம்ப் 5, 6, இக்னிஷன், கணினி, ரேடியோ என 25 ஆம்பியரை எட்டும். 17 ஆம்பியர்-மணி பேட்டரி அந்தச் சுமையில் 40 நிமிடம் தரும் என்று வகுத்துப் பார்த்து நம்பாதீர்கள். அந்த 17 என்பது 20 மணி நேரம் மெல்ல எடுத்தால் கிடைப்பது. அரை மணிகூட உறுதியில்லை. தரையில் எல்லாவற்றையும் ஓடவிட்டு, 11 வோல்ட்டுக்கு இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள்.

கேள்வி: சூட்டுக்கேற்ப பம்பின் வேகத்தை மாற்றும் கன்ட்ரோலர் பம்போடு வருகிறதே, அதைப் போடலாமா?

கார்களுக்கு அருமை. விமானத்தில் அது கூடுதலாகப் பழுதாகக்கூடிய ஒரு பெட்டி. பறக்கையில் பம்ப் நேராக முழு வேகத்தில் ஓடட்டும். நீண்ட இறக்கத்தில் எஞ்சின் அளவுக்கு மீறிக் குளிர்ந்தால் காற்று வெளியேறும் வாயைக் குறுக்குங்கள். எஞ்சினை அணைத்த பின் இரண்டு மூன்று நிமிடம் பம்பை ஓடவிடலாம். பெல்ட் பம்பால் முடியாத நல்ல காரியம் இது.

கேள்வி: சிறு விமானங்களுக்கென்றே செய்யப்படும் ரோட்டாக்ஸ் 912 எஞ்சினுக்கும் மின்சாரப் பம்ப் வைக்கலாமா?

வேண்டாம். அதில் பம்ப் எஞ்சினோடேயே இருக்கிறது, கூலன்ட் சுற்றுவதும் சிலிண்டர் தலைகளில் மட்டும்தான். தேவையே இல்லாத இடத்தில் மின்சாரத்தை நம்ப வைக்கும் வேலை.

கேள்வி: வெப்ப மீட்டர் 85 காட்டிக்கொண்டிருக்க, எஞ்சின் கருகிப்போவது எப்படி?

ஹோஸ் கழன்று கூலன்ட் கொட்டிவிட்டால் சென்சாரின் முனை காற்றில் நிற்கும். காற்று சூட்டைச் சரியாகக் கடத்தாது, முள் நல்லபிள்ளையாக நிற்கும், சில சமயம் இறங்கவும் செய்யும். அதனால் கூலன்ட் அழுத்தத்துக்கு ஒரு மீட்டரும், குறைந்தால் எரியும் சிவப்பு விளக்கும் வையுங்கள். பம்பின் வயரில் ஒரு ஆம்பியர் மீட்டரும் இருக்கட்டும். 9-இல் நிற்கிற முள் திடீரென 4-க்கு விழுந்தால் பம்ப் வறண்டு சுற்றுகிறது. 9-இலிருந்து விறுவிறுவென ஏறி பிரேக்கர் விழுந்தால் இம்பெல்லர் சிக்கிவிட்டது. இரண்டாவதில் அடுத்த பம்ப் கை கொடுக்கும். முதலாவதில் கொடுக்காது, த்ராட்டிலைக் குறைத்து இறங்க இடம் பாருங்கள்.