அம்மா யாழ்ப்பாணத்தில் நோயாளி, பி.ஆர். போய்விடுமா?

கேள்வி: என் ஸ்பொன்சரில் வந்த அம்மா (71), கனடாவில் நிரந்தர வதிவிடம் (பி.ஆர்.) கிடைத்து ஸ்காபரோவில் எங்களோடு பதினான்கு மாதம் இருந்தார். கோயில் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போன இடத்தில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஒபரேஷனுக்குப் பிறகு பாரிசவாதமும் வந்துவிட்டது. போய் இரண்டரை வருடமாகிறது. இப்போதுதான் தடி பிடித்து நடக்கிறார். இரண்டு வருடத்துக்கு மேல் வெளியே நின்றால் பி.ஆர். போய்விடும் என்கிறார்கள். நோயில் கிடந்த நாட்களைக் கழித்துவிட மாட்டார்களா? (வாசகி, ஸ்காபரோ)

பதில்: தங்கச்சி, அம்மாவின் உரிமை போகவில்லை. சட்டம் கேட்பது ஐந்து வருடத்தில் 730 நாள் கனடாவுக்குள் இருந்தாரா என்பதைத்தான். பி.ஆர். கிடைத்து ஐந்து வருடம் ஆகாதவர்களிடம், மீதியிருக்கும் காலத்தில் அந்த 730-ஐ நிரப்ப முடியுமா என்று பார்ப்பார்கள். அம்மா ஏற்கெனவே ஏறத்தாழ 425 நாள் இருந்துவிட்டார். இன்னும் 305 நாள், அதாவது பத்து மாதம் வேண்டும். ஐந்து வருடம் முடிய பதினாறு மாதம் இருக்கிறது. ஆகவே, ஆறு மாதத்துக்குள் வந்து தொடர்ந்து நின்றாலே போதும்.

ஆனால் நோய்க்கென்று கழிவு எதுவும் இல்லை. கனடியக் குடியுரிமை பெற்ற கணவரோடு வெளிநாட்டில் இருந்தால் அந்த நாட்கள் சேரும். நீங்கள் குடியுரிமை பெற்றவராகி, போய் அம்மாவோடு நின்றாலும் சேராது.

ஆறு மாதத்துக்குள் பயணம் செய்யவே முடியாது என்று டாக்டர் சொன்னால் நிலைமை வேறு. அப்போது மனிதாபிமான, கருணை அடிப்படையில் கேட்க வேண்டிவரும். மேல்முறையீட்டு விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளராகப் பல வருடம் இருந்தவள் நான். குடும்பங்கள் ஒபரேஷன் பற்றித் தடித்த கோப்போடு வருவார்கள். ஒபரேஷனை யாரும் சந்தேகிப்பதில்லை. "பறக்கலாம் என்று டாக்டர் எப்போது சொன்னார்? அதற்குப் பிறகு ஏன் உடனே வரவில்லை?" என்றுதான் கேட்பார்கள். அந்த இடைவெளிக்குக் கடதாசி இல்லாமல் ஒரு நல்ல மனுசி திணறுவதைப் பார்க்க எனக்குத் தாங்காது. எத்தனை நாள் குறைகிறது, கனடாவில் என்ன வேர் இருக்கிறது, திரும்ப முயன்றாரா, உரிமை பறிபோனால் யாருக்கு என்ன கஷ்டம் என்பதையும் எடைபோடுவார்கள். பேரப்பிள்ளைகளின் நலனும் அதில் அடக்கம்.

அதனால் வந்துவிடுவார் என்ற நம்பிக்கை இருந்தாலும் கடதாசிகளை இப்போதே சேருங்கள். டயக்னோசிஸ் காட், கிளினிக் கொப்பி, பிசியோதெரபிக்குப் போன திகதிகள் எல்லாம் வேண்டும். எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை பயணத்துக்குத் தகுதியில்லை என்று டாக்டரிடம் தெளிவாக எழுதி வாங்குங்கள். "நோயாளியாக இருந்தார்" என்ற ஒரு வரிக் கடிதம் பிரயோசனப்படாது. ரத்துச் செய்த டிக்கெட் இருந்தால் எறியவேண்டாம்.

பி.ஆர். காட் செல்லுபடியாகும்போதே வரப்பாருங்கள். காலாவதியானாலும் உரிமை தானாகப் போகாது, ஆனால் விமானமேற விசேஷ பயண ஆவணம் எடுக்க வேண்டும். அதை மறுத்தால் மேல்முறையீடு செய்ய 60 நாள்தான். விமான நிலையத்தில் அதிகாரி கேட்டால் போன திகதி, வந்த திகதியை உள்ளபடி சொல்லட்டும். பி.ஆரை விட்டுக்கொடுத்து சூப்பர் விசாவில் (பெற்றோர் நீண்ட நாள் வந்து தங்கும் விசா) வரலாம் என்று யாராவது படிவம் நீட்டினால், வக்கீலிடம் காட்டாமல் அம்மா கையெழுத்து வைக்கக்கூடாது.

வந்த கையோடு புதுக் காட்டுக்கு விண்ணப்பிக்காதீர்கள். 730 நாள் நிரம்பட்டும். நிரம்பிய பின்னும் கவனம் வேண்டும். ஐந்து வருடம் தாண்டியதும் ஒவ்வொரு நாளும் அன்றிலிருந்து பின்னோக்கி ஐந்து வருடத்தைத்தான் எண்ணுவார்கள். முதலில் இருந்த பதினான்கு மாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கணக்கிலிருந்து விழும். அடுத்த திருவிழாவுக்கு டிக்கெட் போடுமுன் நாட்களை எண்ணிப் பாருங்கள்.

அப்புறம், ஓஹிப்புக்கு (ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதி) பன்னிரண்டு மாதத்தில் 153 நாள் ஒன்ராறியோவில் இருந்திருக்க வேண்டும். அம்மா இறங்கியதும் அதைத் திரும்பப் பதியுங்கள், அதுவரைக்கும் ஒரு தனியார் காப்புறுதி எடுத்து வையுங்கள்.